லிம்ஃபோமாவா? முழுப் பேரக் கேட்டு வாங்குங்க

வணக்கம்ங்க. மைக் ஆன் ஆயிருக்குல்ல? ஆங், சரி.

நான் பயாப்சி ஸ்லைடு பாக்குற டாக்டர். நோயாளியோட முகத்தப் பாக்குறது அபூர்வம், கட்டியத்தான் பாப்பேன். அதனால லிம்ஃபோமாவ என் மைக்ராஸ்கோப் வழியாவே சொல்றேன்.

"லிம்ஃபோமான்னு சொல்லிட்டாங்க டாக்டர்"னு யாராவது வந்தா, எத்தனாவது ஸ்டேஜ்னு நான் மொதல்ல கேக்க மாட்டேன். எந்த லிம்ஃபோமான்னுதான் கேப்பேன். லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளையணு கெட்டுப்போய்ப் பெருகினா அதுக்குப் பொதுப்பேரு லிம்ஃபோமா. அதுக்குள்ள அறுபதுக்கும் மேல வகை இருக்கு.

அந்த வகைகள்ல ஹாட்ஜ்கின்ங்கிறது 1832-ல தாமஸ் ஹாட்ஜ்கின் எழுதி வெச்ச நோய். அதுல ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்னு ஒண்ணு, ரெண்டு கண்ணையும் உருட்டி முழிக்கிற ஆந்தை மாதிரியே இருக்கும். வேடிக்கை என்னன்னா, அவ்ளோ பெரிய கட்டில இந்த செல் அங்கொண்ணும் இங்கொண்ணும்தான். மத்ததெல்லாம் வேடிக்கை பாக்க வந்த கூட்டம், சாதாரண செல்லுங்க. அப்போ மெல்லிசு ஊசில நாலு துளி உறிஞ்சி அனுப்பினா நான் ஆந்தைய எங்க போய்த் தேடுறது? அதான் முடிஞ்ச வரைக்கும் நெறிக்கட்டிய முழுசா எடுத்து அனுப்பச் சொல்றோம். ஊசி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தும் கட்டி கரையலன்னா, விட்டுடாதீங்க.

ஹாட்ஜ்கின் இல்லாத மத்ததெல்லாம் நான்-ஹாட்ஜ்கின். இங்கதான் மனசு ஒத்துக்காத ஒரு விஷயம். பர்கிட் லிம்ஃபோமா ஒரே நாள்ல ரெண்டு மடங்கு ஆகுற அளவுக்கு வேகமானது, ஆனா உடனே கீமோ குடுத்தா நிறைய பேருக்குப் பூரணமாப் போயிடும். ஃபாலிகுலர்னு இன்னொரு வகை மெதுவா நகரும், ஆனா அடியோட போறது கஷ்டம். தொந்தரவு இல்லன்னா மருந்தே குடுக்காம வருஷக்கணக்கா கவனிச்சிட்டே இருப்பாங்க. வீட்ல உள்ளவங்களுக்கு அது கைவிட்ட மாதிரி தோணும். கைவிடல, அதுவும் ஒரு வைத்தியம்தான். வயித்துல வர்ற மால்ட் வகைல, கிருமி இருந்தா, ஆன்டிபயாடிக்லயே சரியாகுறவங்க இருக்காங்க!

அறிகுறி? வலியில்லாத கட்டி. அதோட காய்ச்சல், ராத்திரி துணி நனையுற வேர்வை, ஆறு மாசத்துல பத்து சதவீதத்துக்கு மேல எடை குறையுறது. காசநோய்லயும் இதெல்லாம் வரும், அதான் குழப்பம். எவ்ளோ பரவியிருக்குன்னு பெட்-சிடி ஸ்கேன் காட்டும், பேரு சொல்றது திசுதான்.

ரிப்போர்ட் ஏன் லேட்டுன்னு திட்டுவீங்க, தெரியும். செல் மேல என்ன புரதம் இருக்குன்னு சாயம் போட்டுப் பாக்க சில நாள் ஆகும். அதுல 'சிடி20 பாசிட்டிவ்'னு, அதாவது சிடி20-ங்கிற புரதம் இருக்குன்னு ஒரு வரி வந்தா, கீமோவோட அந்தப் புரதத்தக் குறிவெச்சுத் தாக்குற ரிட்டுக்சிமேப் சேத்துக் குடுக்க வழி கெடைக்குது. அமெரிக்காவுல 1997-ல அனுமதி கெடச்ச மருந்து அது. சிடி30-ங்கிற புரதம்னா வேற மருந்து. திரும்பி வந்த சில வகைகளுக்கு, நோயாளியோட சொந்த டி-செல்லையே மாத்தி ஏத்துற கார்-டி இருக்கு.

அதப் பத்தி தனி வீடியோ போடணும். இப்ப ஒரு ட்ரே ஸ்லைடு காத்திட்டிருக்கு, வரட்டுமா.