தெற்கா, வடக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி இரவு பத்தரை மணி இருக்கும். சூரியனிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய பிளாஸ்மா முகில்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட வாயுத் திரள்கள், பூமியை வந்து மோதின. அன்று இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அவ்வளவு தெற்கே துருவ ஒளி தெரிவது அபூர்வம்.

முகில்கள் வருவது முன்பே தெரிந்துதான் இருந்தது. அமெரிக்காவின் விண்வெளி வானிலை மையம், ஐந்து படி அளவுகோலில் நான்காம் படிக் காந்தப் புயல், அதாவது பூமியின் காந்தப்புலக் குலைவு, என்று எச்சரித்திருந்தது. வந்ததோ ஐந்தாம் படி. ஏன் பிசகியது?

சூரியனிலிருந்து ஒரு காற்று ஓயாமல் வீசுகிறது. வினாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகம். 1958இல் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் இதைக் கணக்குப் போட்டு எழுதியபோது, கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் வேண்டாம் என்றார்கள். பத்திரிகையின் ஆசிரியர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். கணக்கில் பிழை இல்லையே என்று பார்த்து அச்சேற்றியவர் அவர்தான்.

இந்தக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் கூடவே இழுத்து வருகிறது. தீபாவளிக்குத் தரைச்சக்கரம் விடும்போது பாருங்கள். ஒவ்வொரு பொறியும் நேராகத்தான் பறக்கிறது. சக்கரம் சுழல்வதால் மொத்தமும் சுருளாகத் தெரிகிறது. சூரியக் காற்றிலுள்ள புலக்கோடுகளும் அப்படிச் சுருண்டவைதான்.

சூரிய மேற்பரப்பின் காந்தப் படத்தை வைத்துக் காற்றின் வேகத்தை ஊகித்து, பூமிவரை கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம். அதற்குப் பரவலாகப் பயன்படும் கணினி மாதிரியின் பெயர் என்லில். சுமேரியரின் காற்றுக் கடவுள். முகில் எப்போது வரும் என்று அது சொல்லும், ஏறத்தாழ பத்து மணி நேரம் முன்பின்னாக. ஆனால் வழக்கமான ஓட்டத்தில் அந்த முகிலுக்குச் சொந்தக் காந்தப்புலமே கிடையாது. வெறும் பிளாஸ்மா உருண்டையாகத்தான் உள்ளே விடுகிறோம்.

சிக்கல் அங்கேதான். பூமியின் பகல் பக்க விளிம்பில் நம் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. வரும் புலமும் வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் அறுந்து ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஆற்றல் உள்ளே பாயும். 1989 மார்ச்சில் அப்படி வந்த புயலில் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள்.

முகிலுக்குள் இருக்கும் புலம் முறுக்கிய கயிறு மாதிரி. முறுக்கு எந்தப் பக்கம் என்று சூரியனில் பார்த்து ஓரளவு சொல்லலாம். ஐரோப்பாவின் யூஃபோரியா என்ற கணினி மாதிரி அந்தக் கயிற்றையே உள்ளே வைத்து ஓட்டுகிறது. நான் பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பாதையைத்தான். ஆனால் வரும் வழியில் கயிறு திரும்பும், பின்னால் வரும் முகில் அதை நசுக்கும். மே 2024இல் நடந்தது அதுதான்.

அப்புறம், புலம் தெற்கா வடக்கா என்று நிச்சயமாகத் தெரிவது எப்போது? பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்களை முகில் கடக்கும்போதுதான். நம் ஆதித்யா எல்-1 அங்கே இருக்கிறது. கலத்தின் சொந்தக் காந்தம் குழப்பாமலிருக்க, ஆறு மீட்டர் நீளக் கம்பத்தில் காந்தமானிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வேகமான முகில் என்றால் அங்கிருந்து பூமிக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி அவகாசத்தை ஒரு நாளாக்கத்தான் இத்தனை பாடும்.