நாளைக் காலை அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். ஆசிரியர்களுக்கும் சமூகப்பணியாளர்களுக்கும் நடக்கும் பணியிடைப் பயிற்சி பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் வானொலியை அணைக்கக் கை போயிருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பயிற்சிகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் கையெழுத்து, ஒரு ஃபைல், எழுதாத ஒரு பேனா. பதினொரு மணிக்குத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்டும் கேட்காமலும் ஒரு சொற்பொழிவு. நாலரைக்குப் பின்னூட்டப் படிவம். அதில் எல்லோரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்றுதான் எழுதுவோம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே!

நான் இருபத்தெட்டு வருடமாக அந்த மேடையில் நின்றவள். உங்களைத் தூங்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். நாப்பழக்கம். பயிற்சி என்றால் வாய் பழக வேண்டும். கேட்டுவிட்டு வருவது பயிற்சி ஆகாது. இது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது, அதுவும் ஒரு டீச்சர் தயவால்.

போக்சோ சட்டம், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2012-இல் வந்தது. அந்த வருடம் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்றே நடைமுறைக்கும் வந்தது. அப்புறம் ஊர் ஊராகப் பயிற்சி. நானும் அறுபது ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பிரிவு 19 என்ன சொல்கிறது? குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். பிரிவு 21? சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ. நிறுவனத் தலைவர் என்றால் ஒரு வருடம் வரை போகும். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு மாலை, கூட்டம் கலைந்தபின் ஒரு டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எந்த ஊர் என்பது வேண்டாம். "மேடம், நேத்து ஒரு பிள்ளை என்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு முதல்லயே சத்தியம் வாங்கிக்கிச்சு. நானும் பண்ணிட்டேன்."

நான் உடனே பிரிவு 19 என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது தெரியும் மேடம். காலையிலேயே சொன்னீங்க. நாளைக்கு அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்றது?"

அறுபது ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை.

அன்று மாலையே இரண்டு பேரும் உட்கார்ந்து குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைத்தோம். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அழைத்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம், மறுநாள் காலைக்கான நாலு வாக்கியத்துக்காக. "நேத்து அவசரப்பட்டு சத்தியம் பண்ணிட்டேன் கண்ணு. அது தப்பு. உன்னைப் பாதுகாக்கணும்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், சொல்லியிருக்கேன். அவங்க யாரு, வந்து என்ன கேட்பாங்கன்னு உனக்குச் சொல்றேன்." சின்ன வாக்கியங்கள்தான். ஆனால் வாயில் வர மறுத்தன. நான் பிள்ளையாக உட்கார்ந்தேன், அவர் சொன்னார். அப்புறம் மாற்றி உட்கார்ந்தோம். எனக்கும் வரவில்லை!

அடுத்த பயிற்சியிலிருந்து ஸ்லைடுகளைப் பதினைந்தாகக் குறைத்துவிட்டேன். மிச்ச நேரத்துக்கு இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னேன். ஒருவர் பிள்ளை, ஒருவர் டீச்சர். பேசுங்கள், அவ்வளவுதான். இதை யாராவது கூச்சமில்லாமல் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. அப்புறம் பார்த்தால், காலையில் 'குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது' என்று தேர்வில் சரியாக எழுதிய அதே ஆள், "யாரு? எப்போ? ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

ஒரு தலைமை ஆசிரியர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். நல்ல மனிதர். பிள்ளையாக நடித்தவர் தலையைக் குனிந்து பேச ஆரம்பித்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை: "நேரா நில்லு. நேரா நின்னு சொல்லு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை ஒன்றுமே பேசாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பிள்ளையின் உயரத்துக்கு. நான் சொல்லித்தரவில்லை.

அதே அறையில் ஓர் அங்கன்வாடி அக்கா இருந்தார். காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. அவர் முறை வந்ததும் நேராகத் தரையில் உட்கார்ந்தார். கையில் இல்லாத கீரையை ஆய்வதுபோல விரலை ஓட்டிக்கொண்டே, "ம்... சொல்லு சாமி" என்றார். அவ்வளவுதான்! எதிரே பிள்ளையாக உட்கார்ந்திருந்த பட்டதாரி ஆசிரியை பேச ஆரம்பித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். "மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தா பிள்ளைங்க பேசாதுங்க மேடம். கை வேலையா இருக்கணும், காது அங்க இருக்கணும்" என்றார். அந்தப் பெண்மணிக்கு நான் அன்று மதியம் வரை 'கேட்கும் திறன்' பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், நடுவில் வந்து சேர்ந்த நேயர்களுக்காக: நாப்பழக்கம். பேசிப் பார்க்காத பயிற்சி, தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று நீச்சல் கற்றுக்கொண்ட மாதிரி.

சரி, இது ஏன் நடப்பதில்லை? பயிற்சி எப்படிக் கீழே இறங்குகிறது என்று பாருங்கள். மாநிலக் கருத்தாளர், அதாவது பயிற்சி தருபவர், பிறகு மாவட்டக் கருத்தாளர், வட்டார வள மையம், குறுவள மையம், கடைசியில் பள்ளி. மேலே ஐந்து நாள் நடந்தது மாவட்டத்தில் மூன்று நாளாகி, வட்டாரத்தில் ஒரு நாளாகி, பள்ளியில் மதிய இடைவேளையில் பத்து நிமிடமாகி முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். நாலு பாத்திரம் மாற்றி ஆற்றிய காபி! நேரம் குறையும்போதெல்லாம் முதலில் எது வெட்டுப்படும்? ஆட்கள் எழுந்து பேசிப் பார்க்கும் பகுதிதான். சுற்றறிக்கையும் படிவமும் காகிதத்தில் இருக்கின்றன, அவை சேதாரமில்லாமல் கீழே வந்து சேரும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அந்த ஐம்பதில் ஆசிரியர் வாய் திறந்த நேரம் எவ்வளவு என்றுதான் நான் கேட்பேன்.

நல்ல முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. 2018-இல் தொடங்கிய போஷன் என்ற ஊட்டச்சத்துத் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக 21 சின்னச் சின்னப் பாடங்கள் வந்தன. ஒரேயடியாகக் கொட்டாமல், பக்கத்து மையங்களின் பணியாளர்கள் மாதந்தோறும் கூடும் செக்டார் கூட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த கூட்டத்தில் அதே மேற்பார்வையாளர்தான் எதிரே இருப்பார், "போன மாசம் பேசினோமே, அந்த வீட்டுக்குப் போனியா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அந்த முறை பிடிக்கும்.

எங்கள் சமூகப்பணிப் படிப்பிலும் இது உண்டு. மும்பையில் டாடா பெயரில் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936-இல் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் 1952-இல் வந்தது. இந்தப் படிப்பில் வகுப்பறைக்குச் சமமாகக் களப்பணியும் உண்டு. மாணவர் களத்துக்குப் போய்வந்து அறிக்கை எழுதுவார். ஆசிரியர் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்: அந்த அம்மா அழுதபோது நீ என்ன சொன்னாய்? படிக்கும் இரண்டு வருடமும் வாரா வாரம் இந்தக் கேள்வி இருக்கும். வேலை கிடைத்த மறுநாளிலிருந்து கேட்க ஒருவர் இல்லை. பிள்ளை பிறந்ததும் தாய்வீட்டு வாசல் அடைபட்ட மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். சோர்வு பற்றி நிறைய வைத்திருந்தேன். நாள் முழுக்க மற்றவர் துயரத்தைக் கேட்பவர் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையிடம் எரிந்து விழுவது பற்றி. இரண்டே வார்த்தையில் சொல்கிறேன்: மாதம் ஒருமுறை, ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, அதிகாரி இல்லாமல், குறிப்பேடு இல்லாமல், பெயர் சொல்லாமல், 'இந்த மாதம் எனக்கு ஆறவே இல்லை' என்ற ஒரு சம்பவத்தை ஒருவர் சொல்லட்டும். மற்றவர்கள் அறிவுரை சொல்லாமல் கேட்கட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, தேநீர்ச் செலவுதான்.

அப்புறம், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1098. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லை. பள்ளிக் குழந்தைகளுக்கு நம் மாநிலத்தில் 14417-ம் உண்டு.

ஒரு நிமிடம், அந்தக் கீரை ஆய்ந்த அக்காவை அடுத்த பயிற்சிக்குக் கருத்தாளராகப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, படிவத்தில் கல்வித் தகுதிக்கான கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லையாம். அக்கா, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால், நான் மறுபடியும் எழுதியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.