பில்லில் அக்டோபர், கம்பெனிக் கணினியில் மே: என் மடிக்கணினியின் வாரண்டிக்காக 27 நாள்

வணக்கம் நண்பர்களே. நான்கு வாரமாக வீடியோ வராததற்குக் காரணம் கேட்டு நீங்கள் எழுதியவற்றையெல்லாம் கைப்பேசியில் படித்தேன். ஆகஸ்ட் 16ஆம் தேதி சனிக்கிழமை இரவு, சார்ஜரில் இணைந்திருக்கும்போதே என் மடிக்கணினி அணைந்துவிட்டது; அதன் பிறகு அதன் சிறு விளக்குகூட எரியவில்லை. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு காந்திபுரத்தில் ஒரு கடையில் வாங்கி, இதே மேசைமேல் வைத்துப் பெட்டியைப் பிரித்துக் காட்டினேனே, அதே மடிக்கணினிதான். வாங்கிய நாள் 2024 அக்டோபர் 26, விலை 58,990 ரூபாய், வாரண்டி ஓராண்டு. பத்து மாதம்கூட முடியவில்லை என்பதால், திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எந்தக் கவலையும் இல்லாமல் போனேன்.

வரவேற்பில் இருந்த இளைஞர் மடிக்கணினியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைத் தட்டச்சு செய்து பார்த்துவிட்டு, "மேடம், உங்கள் வாரண்டி மே 13ஆம் தேதியே முடிந்துவிட்டது" என்றார். நான் பில்லை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. எங்கள் சிஸ்டத்தில் இருப்பதுதான் கணக்கு என்றார். எனக்குக் கோபம் வந்தது அந்தத் தேதியால் அல்ல. பணம் கொடுத்து வாங்கியவர் கையில் இருக்கும் ரசீதைத் தொடாமலேயே தீர்ப்புச் சொல்லும் அந்தப் பழக்கத்தால்தான்.

தேதி ஏன் மாறியது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கும் இது நடக்கக்கூடும். கம்பெனியிலிருந்து சரக்கு விநியோகஸ்தருக்குப் புறப்படும் நாளையொட்டி, வரிசை எண்ணுக்கு எதிரே ஒரு வாரண்டித் தேதி தானாகவே பதிவாகிவிடுவது பல கம்பெனிகளில் வழக்கம். கடையில் பில் போட்ட பிறகு வாங்கியவரோ கடைக்காரரோ பதிவு செய்தால்தான் அது உண்மையான விற்பனைத் தேதிக்கு மாறும். பெட்டி கோடவுனில் ஐந்து மாதம் தூங்கியிருந்தால், அந்த ஐந்து மாதமும் வாங்குபவரின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. ஆனால் என் வாரண்டி அட்டையில் "வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு" என்றுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. சரக்கு புறப்பட்ட நாளிலிருந்து என்று எங்குமே இல்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அட்டைப்பெட்டிகளை நான் தூக்கிப் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பொதி செய்து விற்கும் பொருளின் மேல் அது தயாரான மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தேன். ஏப்ரல் 2024 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. கம்பெனிக் கணினி மே 14ஆம் தேதியிலிருந்து ஏன் எண்ணத் தொடங்கியது என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. இனி எந்தப் பொருளை வாங்கினாலும் கடையிலேயே அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வேன்.

இப்போது சர்வீஸ் சென்டரில் என்னிடம் கேட்ட 590 ரூபாய்க்கு வருகிறேன். வாரண்டி இல்லை என்பதால், என்ன பழுது என்று பார்ப்பதற்கே 500 ரூபாய் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாயும் கட்டினால்தான் மடிக்கணினியை உள்ளே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். பெரிய தொகை இல்லை, விட்டுவிடலாமே என்று என் அக்காவே சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அதைப் பேசாமல் கட்டினால், வாரண்டி முடிந்துவிட்டது என்பதை நானே ஒப்புக்கொண்டதாகப் பிற்பாடு சொல்லிவிடுவார்கள் என்று பட்டது. ஆகவே கட்டினேன், ஆனால் ரசீதில் அவர்கள் வைத்துக்கொள்ளும் படியிலும் என்னுடைய படியிலும், "வாரண்டி உண்டு என்ற என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், நீல மையில் இருப்பது என் கையெழுத்து. அவர்கள் தயங்கினார்கள். எழுதாமல் ஒரு ரூபாயும் தரமாட்டேன் என்று சொல்லி அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், பிறகு வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே மதர்போர்டு போய்விட்டது என்றும், மாற்றுவதற்கு ஜிஎஸ்டியோடு 27,376 ரூபாய் ஆகும் என்றும் மதிப்பீடு வந்தது. மடிக்கணினி விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு!

பில்லை இணைத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் வந்த பதிலில்தான் சிக்கலே இருந்தது: பில்லில் உள்ள வரிசை எண்ணும் மடிக்கணினியில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்தேன். மடிக்கணினியின் அடியில், கடைசியிலிருந்து நான்காவது இடத்தில் இருப்பது பூஜ்யம். பில்லில் அதே இடத்தில் இருப்பது ஆங்கில எழுத்தான ஓ. பூஜ்யம் ஒடுங்கி நீண்டிருக்கிறது, ஓ சற்று அகன்று உருண்டிருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் பார்கோடை ஸ்கேன் செய்யாமல் கையால் அடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். மேலாளர், வாரண்டி எல்லாம் கம்பெனி விவகாரம், நாங்கள் விற்பதோடு சரி என்றார். அதோடு நில்லாமல், அன்றைக்கே எங்களுடைய நீட்டிப்பு வாரண்டியை எடுத்திருந்தால் இந்தச் சிரமம் வந்திருக்காதே என்றும் சொன்னார். கடைகள் விற்கும் அந்தத் திட்டங்களை நான் ஏன் வெறுக்கிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அதைத் தருவது மடிக்கணினிக் கம்பெனி அல்ல, வேறொரு நிறுவனம். கம்பெனி வாரண்டி முடிந்த மறுநாள்தான் அது தொடங்கும். கம்பெனி மே மாதத்தோடு முடிந்தது என்று சொல்ல, அந்த நிறுவனம் பில்லைப் பார்த்து அக்டோபரில்தான் தொடங்கும் என்று சொல்ல, ஆகஸ்டில் பழுதானவர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியதுதான்.

உதவியது, பின்கட்டில் கணக்கு எழுதும் ஒரு பெரியவர். "ஏனுங்க அம்மணி, இந்த ஒரு சுழிக்கா இத்தனை அலைச்சல்?" என்று கேட்டவர், விநியோகஸ்தரிடமிருந்து கடைக்கு வந்த கொள்முதல் பில்லைத் தேடி எடுத்தார். அதில் வரிசை எண் பூஜ்யத்தோடு சரியாக இருந்தது. சரக்கு கடைக்கு வந்தது 2024 செப்டம்பரில் என்பதும் இருந்தது. விற்பனைப் பில்லில் தட்டச்சுப் பிழை நேர்ந்தது என்று கடையின் லெட்டர்பேடில் எழுதி, முத்திரை குத்தி, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கித் தந்தார். அந்தப் பெரியவருக்கு இந்த வீடியோ மூலம் என் நன்றியைத் தெரிவிக்கிறேன்.

கடிதத்தை 25ஆம் தேதி அனுப்பினேன். ஒரு வாரம் எந்தப் பதிலும் இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசலாம், 17 மொழிகளில் அந்தச் சேவை இருக்கிறது. அவர்கள் தீர்ப்பு வழங்குபவர்கள் அல்லர். புகாருக்கு ஓர் எண் கொடுத்து, அதைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், வழக்குக்கு முந்தைய படி அது. நான் ஜாப் ஷீட் (பழுதுபார்க்க எடுத்துக்கொண்டதற்குச் சர்வீஸ் சென்டர் தரும் சீட்டு), பில், கடைக் கடிதம், வாரண்டி அட்டையின் படம், பெட்டியின் படம் ஐந்தையும் இணைத்தேன்.

அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தயாராகவே இருந்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடை கம்பெனியைக் காட்டுகிறது, கம்பெனி கடையைக் காட்டுகிறது என்றால் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்துவிடலாம். ஆணையத்துக்கான மனுவைக்கூட எழுதி முடித்திருந்தேன்.

தேவைப்படவில்லை. செப்டம்பர் 4ஆம் தேதி, வாரண்டி 2024 அக்டோபர் 26 முதல் 2025 அக்டோபர் 25 வரை எனத் திருத்தப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. 9ஆம் தேதி மதர்போர்டைக் கட்டணமில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

ஆனால் அந்த 590 ரூபாய்? பரிசோதனைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். நான் அதே ரசீதில் நீல மையில் எழுதியிருந்ததைக் காட்டினேன். வாரண்டி உள்ள பொருளுக்குப் பரிசோதனைக் கட்டணம் இல்லை என்று அவர்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். வாரண்டி இருந்தது என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பிறகு எந்தக் கணக்கில் அந்தப் பணம் அவர்களிடம் இருக்க முடியும் என்று கேட்டேன். அந்த இளைஞர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, வங்கி விவரத்தை வாங்கிக்கொண்டார். செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு 590 ரூபாய் வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. 27,376 ரூபாய் மிச்சமானதைவிட இதற்குத்தான் நான் அதிகம் மகிழ்ந்தேன், 90 ரூபாய் வரியையும் சேர்த்தே திருப்பினார்கள் என்பதால்.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். மாற்றிய மதர்போர்டுக்குத் தனியாக வாரண்டி உண்டா என்று வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டேன். மாற்றிய நாளிலிருந்து 90 நாள் என்று பதில் வந்திருக்கிறது. செப்டம்பர் 9இலிருந்து எண்ணினால் டிசம்பர் 8 வருகிறது. அதோ, பின்னால் தொங்கும் நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன்.