கையுறையோடு திறக்கும் பை

வணக்கம் நேயர்களே.

குளிர்கால விடுமுறை நெருங்கும்போது நம்முடைய பல வீடுகளில் ஒரே கதைதான். நண்பர்களோடு மலைக்குப் போகிறேன், பனியில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப் போகிறோம், பெரிய முதுகுப்பை வேண்டும் என்று பிள்ளை வந்து நிற்கும். கடையில் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அப்போது யாராவது சொல்வார்கள்: "பழைய இராணுவச் சாமான் விற்கிற கடைக்குப் போங்கோ, மலிவாக எடுக்கலாம்." நல்ல யோசனைதான். நானும் இருபது வருடமாக அப்படித்தான் வாங்குகிறேன். ஆனால் அந்தக் கடைக்குள் போய் எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் 1988இல் நோர்வேக்கு வந்தவன். எங்களில் பலரைப் போல எனக்கும் முதல் வேலை வடக்கே, பின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில்தான் கிடைத்தது. கம்பளிக் கையுறை, அதன் மேல் றப்பர் கையுறை. அந்தக் கையால் கத்தி பிடிக்கலாம், பெட்டி தூக்கலாம். ஆனால் சட்டையில் ஒரு பொத்தானைப் பூட்ட முடியாது. குளிர் நாட்டில் நம்முடைய கை எவ்வளவு மொத்தமானது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. விளங்கியும், பை வாங்கும்போது அதை மறந்துவிட்டேன். பின்சேயில் அதற்கு விலை கொடுத்தேன்.

பின்சே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகரத்துக்குப் போகும் ரயில் பாதையில் ஆக உயரத்தில் இருக்கும் நிலையம், 1222 மீற்றர். ரயிலை விட்டு இறங்கினால் சுற்றிலும் வெள்ளைதான், ஒரு மரம் கிடையாது. ஒரு மாசி மாதம் நானும் மகனும் அங்கே இறங்கினோம். சைபருக்குக் கீழே 18 பாகை. வெயில் நன்றாக அடித்தது, காற்று இல்லை. ஒரு மணித்தியாலம் சறுக்கிப் போயிருப்போம், நெற்றியில் வியர்வை. அப்புறம் திடீரென்று காற்று எழும்பியது. பனித்தூள் தரையோடு தரையாக ஓடி வந்து முகத்தில் அடித்தது. சரி, தடித்த இறகு ஜக்கெற்றை எடுத்துப் போடுவோம் என்று பையை இறக்கினேன்.

அது சுற்றிவர சிப் வைத்த பை. பனித்தூள் சிப்பின் பற்களுக்குள் புகுந்து, என் முதுகுச் சூட்டில் உருகி, திரும்பவும் உறைந்திருந்தது. இழுக்கிற நாக்கோ விரல் நகமளவு உலோகத்துண்டு. கையுறையோடு பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினேன். இரண்டு நிமிடம் இழுத்திருப்பேன். முதலில் விரல் நுனிகள் வலித்தன, பிறகு வலி நின்றது. வலி நின்றதும்தான் பயம் பிடித்தது. பார்த்தால் இரண்டு நுனிகள் மெழுகு போல வெளுத்திருந்தன. எங்களைக் காப்பாற்ற வேண்டிய உடுப்பு ஒரு முழத் தூரத்தில், ஒரு துணிக்கு அப்பால் இருந்தது. எடுக்க முடியவில்லை. கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு மகனோடு நிலையத்துக்கே திரும்பிவிட்டேன். அந்த இரண்டு விரல்களிலும் உணர்வு முழுதாகத் திரும்ப சித்திரை ஆகிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு பையைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் வாயைத்தான். எத்தனை லீற்றர், எத்தனை பக்கப்பை, எந்த நாட்டு இராணுவம் என்பதெல்லாம் பிறகு. 'வொத்தர்' என்று இங்கே சொல்கிறோமே, நாலு விரலும் ஒரே கூட்டுக்குள் போகும் தடித்த கையுறை, அதைப் போட்ட கையால் இந்தப் பையைத் திறந்து மூட முடியுமா? முடியாவிட்டால், இனாமாகத் தந்தாலும் குளிருக்கு அது வேண்டாம்.

இந்த விஷயத்தில் பழைய இராணுவப் பைகள் நமக்கு உதவும். பெரும்பாலானவற்றுக்கு வாய் சுருக்குக் கயிறுதான். மேலே ஒரு மூடி, அதைக் கீழே இழுத்துக் கட்ட இரண்டு வார்கள். கயிற்றுக்குள் பனி போனாலும் உதறிவிடலாம். சிப்புக்குள் போனால் நான் பட்ட பாடுதான். வெல்குறோவும் அப்படித்தான், பனி அடைத்தால் ஒட்டாது. அமுக்குப் பொத்தானின் குழிக்குள் ஒரு துளி ஈரம் உறைந்தால் அதுவும் பூட்டாது. பிளாஸ்ரிக் கிளிப் சின்னதாக இருந்தால் விடுங்கள். பெரிதாக, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கித் திறக்கக் கூடியதாக இருந்தால் எடுக்கலாம். சிப் இருந்தே தீரும் என்றால் அதன் நாக்கில் ஒரு சாண் நைலோன் கயிற்றை வளையமாகக் கட்டிவிடுங்கள். பின்சேயில் அந்த ஒரு சாண் கயிறு இருந்திருந்தால், பல்லில் கடித்தாவது இழுத்திருக்கலாம்.

இரண்டாவது விஷயம் முதுகு. சட்டம் வைத்த முதுகுப்பையின் வரலாற்றில் இந்த நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. ஊலே பேர்கன் என்ற நோர்வேக்காரர் 1908இல், முதுகில் நன்றாகப் படிந்து இருக்கும்படி சட்டம் வளைத்துப் பை செய்யத் தொடங்கினார். 1909இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிரித்தானியப் படைவீரர்கள் இன்றும் தங்கள் பெரிய முதுகுப்பையை 'பேர்கன்' என்றுதான் சொல்கிறார்கள். அது நகரத்தின் பெயரால் வந்ததல்ல, இந்த மனிதரின் பெயரால் வந்தது.

சட்டம் ஏன் முக்கியம்? குளிரில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வியர்வை. பை முதுகோடு ஒட்டிக் கிடந்தால் அந்த இடம் நனையும், நடையை நிறுத்தியதும் அந்த ஈரமே உறையத் தொடங்கும். பையை முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிற வெளிச்சட்டம் இருந்தால் நடுவே காற்று ஓடும். அமெரிக்க இராணுவம் எழுபதுகளில் கொண்டு வந்த 'அலிஸ்' பையை நான் இதற்காகத்தான் விரும்புகிறேன். அலுமினியக் குழாய்ச் சட்டம், நைலோன் துணி, சுருக்குக் கயிற்று வாய். நடுத்தரம், பெரிது என்று இரண்டு அளவு. நடுத்தரத்துக்கு ஏறக்குறைய 23 கிலோ, பெரியதற்கு 32 கிலோ என்று வரையறுத்திருந்தார்கள். நடுத்தரப் பையைச் சட்டம் இல்லாமலும் போடலாம், பெரியதைப் போட முடியாது. ஆகவே கடையில் பெரிய பையைத் தனியாகத் தொங்கவிட்டு மலிவு விலை போட்டிருந்தால், சட்டம் எங்கே என்று கேளுங்கள்.

சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஆணி அடித்த மூட்டுகள் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள். முறிவது அங்கேதான். தோள்வாரின் மெத்தை மெலிந்திருந்தால் கவலைப்படத் தேவையில்லை, தடித்த ஜக்கெற்றே அதற்கு மெத்தையாகிவிடும். இடுப்புப் பட்டிதான் முக்கியம். இன்னொன்று, வெறுங்கை அலுமினியத்தில் பட்டால் அந்தக் குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும். கை போகிற இடங்களில் எல்லாம் துணி நாடா சுற்றிவிடுங்கள்.

இந்தப் பைக்குப் பிறகு, 1997இல், 'மொலி' என்ற புதிய முறை வந்தது. சட்டம் பிளாஸ்ரிக்காக மாறியது. முதலில் வந்த சட்டங்கள் உடைந்ததால் பிறகு திருத்திச் செய்தார்கள். பிந்தியது என்றால் வாங்கலாம். முந்தியதைக் குளிருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிரித்தானியப் பேர்கனையும் இங்கே நிறையப் பார்க்கலாம். துணி நல்ல உறுதி, அளவு பெரிது, பக்கப்பைகள் இரண்டையும் கழற்றி இணைத்தால் தனியாக ஒரு சின்னப் பையும் ஆகும். குளிர்காலத்தில் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள், அந்தச் சிப்புகளோடு நமக்கு வேலை இல்லை. அதில் குறுமுதுகு, நெடுமுதுகு என்று இரண்டு வகை உண்டு. படைவீரர் இடுப்பில் பட்டியும் பைகளும் கட்டியிருப்பார், அதன் மேலே நிற்கத்தான் குறுமுதுகு. உங்களுக்கு இடுப்பில் எதுவும் இல்லை. குறுமுதுகை எடுத்தால் அதன் பட்டி வயிற்றில் ஏறி நிற்கும், பாரம் முழுக்கத் தோளில் விழும்.

சுவீடன் இராணுவத்தின் எல்கே 35 அழகான பை. அந்த எண் லீற்றரைச் சொல்கிறது. பகல் பயணத்துக்குப் போதும், இரவு தங்கப் போதாது. குளிர்கால உறங்குபை ஒன்றே பாதிப் பையைப் பிடித்துவிடும். பாரம் கொஞ்சம்தான், இடம்தான் நிறைய வேண்டும். தங்கிப் போகிறவர்கள் 70 லீற்றருக்குக் குறையாமல் பாருங்கள். அதே நாட்டு எல்கே 70 கிடைத்தால் விடவேண்டாம்.

துணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்திக் கன்வஸ் ஈரத்தைக் குடித்து, உறைந்து, காலையில் பலகையாக நிற்கும். நைலோன் நல்லது. ஆனால் பழைய நைலோனை உட்பக்கம் திருப்பி நகத்தால் சுரண்டுங்கள். பூச்சு பொடியாக உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அது தண்ணீரைத் தடுக்காது. பை நல்லதோ இல்லையோ, உள்ளே ஒரு தடித்த பிளாஸ்ரிக் உறையைப் போட்டு, உறங்குபையை அதற்குள் வையுங்கள்.

சரி, கடைக்குப் போகும்போது என்ன கொண்டு போவது? மூன்று சாமான். மலையில் போடப்போகிற அதே தடித்த ஜக்கெற். அதே வொத்தர். அப்புறம் வீட்டில் இருக்கிற பத்துக் கிலோ அரிசிப் பை. அரிசிப் பையை ஒரு சீலையில் சுற்றி முதுகுப்பைக்குள் மேல்பாதியில் இறுக்கி வையுங்கள், ஜக்கெற்றைப் போடுங்கள், பையை மாட்டுங்கள். தோள்வார் நீளம் போதுமா? சேட்டோடு போட்டுப் பார்க்கும்போது சரியாக இருக்கிற வார், ஜக்கெற்றோடு கக்கத்தை அறுக்கும். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில் உட்காருகிறதா, வொத்தரோடு பூட்ட முடிகிறதா? கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், குனியுங்கள், முழங்காலில் இருந்து எழும்புங்கள். இந்தச் சட்டங்கள் உயர்ந்த ஆண்களின் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தவை. நம்முடைய பெண் பிள்ளைகளுக்கும் கட்டையான ஆட்களுக்கும் பலதும் பொருந்தாது. அலிஸ் சட்டத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. பொருந்தாவிட்டால் மலிவு என்று எடுத்துவிடாதீர்கள்.

அதே கடையில் இடுப்புக் கச்சையும் தண்ணீர்ப் போத்தல் உறைகளும் தொங்கும். பிள்ளைகளுக்கு அதில் ஆசை வரும். கச்சையை ஜக்கெற்றுக்கு மேலே கட்டினால், சூடு ஏறும்போது ஜக்கெற்றைத் திறக்க முடியாது. முதுகுப்பையின் பட்டியும் இடுப்பில் உட்காராது. ஒரே ஒரு சின்ன உறையை மட்டும் வாங்கி, தோள்வாரில் மாட்டி, திசைகாட்டியும் சொக்கலேற்றும் வையுங்கள். தண்ணீருக்கு, இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் குளிர்காலப் போத்தல் ஒன்று அமெரிக்க இராணுவத்தில் இருந்தது. கண்ணில் பட்டால் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுத் தேர்மஸ் போதும். சாதாரணப் போத்தல் என்றால் கம்பளிக் காலுறைக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலே பிடிக்கும், வாய் கீழே இருப்பதால் அடைக்காது. குழாயால் உறிஞ்சுகிற தண்ணீர்ப் பை வேண்டவே வேண்டாம். குழாய்தான் முதலில் உறையும்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பனிக்கு என்று வெள்ளை மேலுறைகள் விற்பார்கள், மிக மலிவு. அது ஒளிந்துகொள்ளச் செய்தது. நாங்கள் ஒளியப் போகவில்லை. பனிப்புயலில் பையை இறக்கி வைத்துவிட்டு நாலடி தள்ளினால் உங்களுக்கே தெரியாது, தேடி வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? செம்மஞ்சள் உறை ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

அதோடு, உருமறைப்புப் புள்ளி போட்ட துணியை என் அம்மாவால் பார்க்க முடியாது. முதல் முறை அப்படி ஒரு பையை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பி அறைக்குள் போய்விட்டார். நான் அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நம்முடைய பல வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பார். ஒரே நிறப் பச்சையோ சாம்பலோ கிடைக்கும், அதை எடுங்கள். ஊருக்கு விடுமுறையில் போகும்போது எந்த இராணுவப் பையையும் கொண்டு போகாதீர்கள்.

பாரம் கூடினால் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். இருபது கிலோவைத் தாண்டினால் நான் புல்க் என்கிற இழுவைச் சறுக்கு வண்டிக்கு மாறிவிடுவேன். ஆழப்பனியில் பெரிய பையோடு விழுந்தவருக்குத் தெரியும், எழும்புவது எவ்வளவு பாடு என்று. பழைய இராணுவப் புல்க்குகளும் கடைக்கு வரும். அடிப்பாகத்தில் வெடிப்பு இருக்கிறதா, இழுவைத் தண்டின் மூட்டு ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த நாட்டு மலை விதிகள் ஒன்பதில் ஒன்று, உனக்கும் பிறருக்கும் உதவத் தேவையான சாமானைக் கொண்டு போ என்கிறது. கொண்டு போனால் போதாது, அது கைக்கு வர வேண்டும். அதனால் பை வாங்கிய அன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். சாமானை எல்லாம் அடுக்கி, இறகு ஜக்கெற்றை ஆக மேலே வைத்து மூடுங்கள். பல்கனியில் விளக்கை அணைத்துவிட்டு, வொத்தர் போட்ட கையோடு திறந்து, ஜக்கெற்றை எடுத்துப் போட்டு, பையைத் திரும்ப மூடச் சொல்லுங்கள். என் மகளுக்கு முதல் இரவு மூன்று நிமிடம் எடுத்தது. மூடியின் ஒரு வாரை நீட்டி, நுனியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் இரவு ஒரு நிமிடத்துக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதற்குப் பிறகுதான் பின்சேக்கு ரிக்கற் எடுத்தோம்.

நன்றி, வணக்கம்.