கேழ்வரகு எப்போது சிவக்கும்?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், இத்தனை நேரமாகியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். பாட்டி காலத்துப் பலகாரங்களைப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக மாற்றிச் செய்வது அவற்றை வாழவைப்பதா, வீணாக்குவதா என்பது இன்றைய தலைப்பு. வாழவைப்பதே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால், அதற்கு முன்னால் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு முன்பு பேசிய எதிரணி நண்பர், "இவர்கள் வீட்டுக் கேழ்வரகு முறுக்கை எறிந்துவிடாதீர்கள், சுவரில் ஆணி அடிக்க உதவும்" என்றார். அரங்கமே சிரித்தது. நடுவர் அவர்களும் சிரித்தார்கள். சிரித்ததோடு நில்லாமல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கைக்குட்டைக்கு எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியாது. நண்பர் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை, ஏனென்றால் அது முழு உண்மை. நான் முதன்முதலில் கேழ்வரகு முறுக்கு சுட்டது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அந்தச் செய்தி இவர் காதுவரை எப்படிப் போனது என்பதுதான் என் கவலை.

நடந்தது இதுதான். நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்தம் மாவு என்பது என் தாயார் கற்றுக்கொடுத்த அளவு. அரிசி மாவில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேழ்வரகு மாவைப் போட்டேன். வெண்ணெய், எள், சீரகம், உப்பு எல்லாம் அளவோடுதான் இருந்தன. பிழிந்து எண்ணெயில் விட்டுவிட்டுத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சிவந்துவிட்டதா?" என்று கேட்டார். பார்த்தேன், போட்டபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. "இன்னும் இல்லை" என்றேன். "அப்படியானால் விடு" என்றார். விட்டேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் "சிவந்துவிட்டதா?" என்றார். மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் "இல்லை" என்றேன், அவரும் மறுபடியும் "விடு" என்றார். கேழ்வரகு மாவு பிறவியிலேயே செம்பழுப்பு நிறம் என்பதும், அது சிவக்க வேண்டுமென்று காத்திருப்பவர் விடியும்வரை காத்திருக்கலாம் என்பதும் தொலைபேசியின் இந்த முனையில் இருந்த எனக்கும் தோன்றவில்லை, அந்த முனையில் இருந்த அவருக்கும் தோன்றவில்லை.

என் கணவர் ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் என்ன நினைத்தாரோ, அதைத் தட்டிலேயே போட்டார். பிறகு தட்டைத் தூக்கி, அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எதிரணி நண்பரே, நீங்கள் ஆணி என்று சொல்லிச் சிரிக்க வைத்ததை, எங்கள் வீட்டில் ஒருவர் வாய் திறக்காமலேயே செய்துவிட்டார்.

மறுநாள் என் தாயார் நேரில் வந்தார். எண்ணெயில் முறுக்கைப் போட்டுவிட்டு அடுப்பருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாவில் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும்வரை எண்ணெய் சலசலத்துக்கொண்டே இருக்கும். நீர் வற்ற வற்ற நுரையும் அடங்கும், ஓசையும் அடங்கும். ஓசை அடங்கியதும் "எடு" என்றார். எடுத்த முறுக்கு கையில் பட்டதும் நொறுங்கியது. ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணால் முறுக்கு சுட்டவர், பேரனுக்காக ஒரே நாளில் காதால் சுடக் கற்றுக்கொண்டார். இதை வீணாக்குவது என்று எந்த அகராதி சொல்கிறது?

கடினம் என்பது எங்கள் அணியின் கண்டுபிடிப்பு என்று வேறு நண்பர் சாதித்தார். வறுத்த அரிசியையும் பயறையும் திரித்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிடிக்கும் பொரிவிளங்காய் உருண்டையை அவர் கடித்ததில்லை போலும். அதற்கே பல் போதாது. மாற்றம் ஏதும் செய்யாத அசல் சீடையின் கதையையும் கேளுங்கள். ஒரு கிருஷ்ண ஜெயந்தியன்று என் பாட்டி போட்ட சீடை வாணலியிலேயே வெடித்தது. ஒன்று விட்டத்தில் பட்டது, ஒன்று தாத்தாவின் செய்தித்தாளைத் துளைத்தது. இருமுறை வெள்ளையடித்த பிறகும் விட்டத்தில் அந்த எண்ணெய்க் கறை தெரிந்தது. எங்கள் முறுக்கு ஆணி என்றால், உங்கள் சீடை வெடிகுண்டு. ஆணியால் இதுவரை யாரும் கட்டிலுக்கடியில் ஒளிந்ததில்லை. மேற்புறம் இறுகிய பிறகு உள்ளே சிக்கிய ஆவிக்கு வெளியேற வழியில்லாததால் வந்த விபத்து அது. மறு ஆண்டு பாட்டி என்ன செய்தார்? மாவை இருமுறை சலித்தார், அழுத்தாமல் உருட்டினார், துணியில் பரப்பி உலரவிட்டார், ஒவ்வோர் உருண்டையையும் ஊசியால் குத்தினார். மரபை மாற்றாதே என்று பாட்டியின் பெயரால் முழங்குகிறீர்கள். அந்தப் பாட்டியே ஊசியும் கையுமாக எங்கள் அணியில்தான் அமர்ந்திருந்தார்.

இன்னும் பின்னால் போவோம். மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் எந்தக் காரச்சேவிலும் மிளகாய் இருந்திருக்க வழியில்லை. 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயே ஒரு காலத்துப் புதுமைதான். மாற்றம் கூடாதென்றால் முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

சத்துக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. இந்தியா முன்மொழிந்துதான் ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வேளையில் என் அணியைச் சேர்ந்த சிலரையும் நான் கண்டிக்க வேண்டும். சர்க்கரையை எடுத்துவிட்டு அதே அளவு வெல்லத்தைக் கொட்டி, இனி எத்தனை உருண்டை வேண்டுமானாலும் தின்னலாம் என்று பிள்ளையிடம் சொல்வது பிள்ளையை ஏமாற்றுவதாகும். வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு சொன்னபோது வெல்லத்துக்கு விலக்கு அளிக்கவில்லை. காய்ந்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சினால், உள்ளே போட்டது தினையானாலும் பயன் என்ன? பாகைக் குறைத்து எள்ளையும் கடலையையும் கூட்டுவதும், உருண்டையைச் சிறிதாகப் பிடிப்பதும், பொரிப்பதற்குப் பதிலாகக் கொழுக்கட்டையைப் போல ஆவியில் வேகவைப்பதும்தான் நான் சொல்லும் மாற்றம்.

நடுவர் மணியை அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிடம் தாருங்கள்.

மாற்றிச் செய்வது பாட்டியின் கைமணத்தை அவமதிப்பது என்று எதிரணித் தலைவர் சொன்னார். அந்தச் சொல் மட்டும் என்னைச் சுட்டது. என் தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் உப்புக் கரைத்த நீரை ஊற்றுவதற்கு முன்னால் பாட்டி ஒரு பிடி மாவைத் தனியே எடுத்து வைப்பார். அந்த மாவில் ஆறேழு முறுக்குகள் வரும். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு கறுப்பு எள்ளைப் பதிப்பார். சிறுமியாக இருந்தபோது தெரியாமல் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, சப்பென்று இருக்கிறதென்று துப்பினேன். பாட்டி திட்டவில்லை, "அது உனக்குச் செய்ததில்லையம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, உப்புப் போட்டதில் ஒன்றை என் கையில் கொடுத்தார். தாத்தாவோ, அந்த உப்பில்லா முறுக்கை ஒவ்வோர் ஆண்டும் எல்லோருக்கும் கேட்கும்படி நொறுக்கித் தின்றுவிட்டு, "உப்பு சரியாக இருக்கிறது" என்பார்.

தாத்தா மறைந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு நான் பாட்டிக்கு அருகில் அமர்ந்து எள் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உப்பு நீர்ச் செம்பைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்தார். ஒரு பிடி மாவை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பிறகுதான் நீரை ஊற்றினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கறுப்பு எள்ளை எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் உறங்கிய பிறகு, கூடத்தில் தாத்தாவின் நாற்காலிக்கு அருகே தரையில் அமர்ந்து அவற்றில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், "உப்பு சரியாக இருக்கிறது" என்றார்.

வணக்கம்.