82 வயதில் இடுப்பு ஆபரேஷன் தாங்குமா?

அடுத்த கேள்வி. "சார், அம்மாவுக்கு 82 வயது, சுகர், பிபி உண்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் என்கிறார்கள். உடம்பு தாங்குமா? புத்தூர் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் போதாதா?"

கட்டு இதற்கு வேண்டவே வேண்டாம். நாம் இடுப்பு எலும்பு என்று சொல்வது தொடை எலும்பின் மேல்முனைதான். அந்த முனை, இடுப்புக் குழியில் பொருந்துகிற ஒரு பந்து மாதிரி இருக்கும். அந்தப் பந்துக்குக் கீழே, கழுத்து மாதிரி இருக்கிற இடத்தில் உடைந்து விலகினால் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டமும் கெட்டுவிடும், அதனால் பெரும்பாலும் அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் கீழே உடைந்தால் எலும்பு கூடும், ஆனால் கம்பி வைக்காமல் கூடுவதற்கு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். 82 வயதில் அப்படிக் கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது எல்லாம் வரிசையாக வரும். உயிருக்கு ஆபத்து அங்கேதான் அதிகம்.

அதனால் தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்பதுதான் இலக்கு. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்பதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை என்றால் எது, கடைசியாக எப்போது போட்டார் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் வரை வலிக்கு, தொடை இடுக்கில் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள், கேட்டால்தான் நிறைய இடத்தில் போடுவார்கள்.

அப்புறம் ஒன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆபரேஷன் முடிந்த இரவு அம்மா உங்களையே யார் என்று கேட்கலாம், டியூபைப் பிடுங்கலாம், செத்துப்போன அப்பாவைக் கூப்பிடலாம். மூளை போய்விட்டது என்று பதறாதீர்கள், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வலி, சளி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் என்று ஏதாவது காரணம் இருக்கும், சரிசெய்தால் பலருக்கும் சில நாளில் தெளிந்துவிடும். கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்களே, கொண்டுபோய்க் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஏற்கனவே படுத்த படுக்கையாக, கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் உண்டு. உங்கள் அம்மா நடந்து போய்த்தானே விழுந்திருக்கிறார்.

மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும். சனிக்கிழமை ஆபரேஷன் என்றால், ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபிஸ்ட் வருவாரா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.