வண்டியில் ஏறி வந்த சார்ஜ்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கிலச் செய்தித்தாளோடு வந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு தலைப்பைக் காட்டி, "தாத்தா, இந்த ஆள் மேல கொலைக்கு சார்ஜ் போட்டிருக்காங்களாம். சார்ஜ் போனுக்குத்தானே போடுவாங்க?" என்றான்.

சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானது. ஆட்டோவுக்கு சார்ஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். புதிய அதிகாரி சார்ஜ் எடுக்கிறார். அரசு ஊழியருக்கு, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி சார்ஜ் மெமோ வந்துவிட்டால் சோறு இறங்காது. எல்லாம் ஒரே சொல்தானா?

ஆதியில் இது வண்டிக்காரர் சொல். லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. அதில் சுமை ஏற்றுவதைக் குறித்த சொல்தான் பிரெஞ்சு வழியாக வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோவுக்கும் அதே வேர். ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, கணக்கில் பணத்தை ஏற்றினால் கட்டணம். பீரங்கிக்குள் திணிக்கும் வெடிமருந்தும் சார்ஜ்தான். அதுபோலவே மின்சாரத்தை ஏற்றித் தேக்குவதும் சார்ஜ் ஆனது; போனுக்குப் போடுவது அதுதான். 1740களில் மின்சாரத்தைத் தேக்கிப் பார்த்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், அதைத் தேக்கும் கண்ணாடிக் கருவிகளின் வரிசையை பேட்டரி என்றார். அதுவும் பீரங்கி வரிசையின் பெயர். லத்தி சார்ஜில் வரும் பாய்ச்சலும் போர்க்களத்துச் சரக்குதான்.

நமக்கும் இது புதிதல்ல. பொறு என்றால் தாங்கு, அதிலிருந்துதான் பொறுப்பு. மாட்டுவண்டி வாடகையை 'வண்டிச் சத்தம்' என்பார்கள். சத்தம் எவ்வளவு என்று கேட்டால் சக்கரம் கிறீச்சிடுவதைப் பற்றி அல்ல!

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? சார்ஜை மட்டும் பார்க்காதே, பக்கத்தில் நிற்பதைப் பார் என்றேன். ஆளைச் சொல்லி 'வித்' வந்தால் பெரும்பாலும் குற்றம். 'ஃபார்' வந்தால் பெரும்பாலும் பணம். 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பாளர். நடுவில் ஒரு 'த' நுழைந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' ஆனால் தலைகீழ்: பிறர் பொறுப்பில் இருப்பவர்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், என் வகுப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதினேன். 'த' விட்டுப்போயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தலைமையாசிரியரைப் பார்த்துக்கொள்வதாக ஆகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. சிவப்பு மையில் ஒரு 'த' போட்டு, கீழே கையெழுத்திட்டார்.

வணக்கம்.